சுளகின் வரியும் கமராவின் துடைப்பமும்

நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவில் இருந்து வந்த சித்தி கையோடு ஒரு சின்னக் கமரா கொண்டுவந்திருந்தார். சட்டைப் பொக்கற்றுக்குள் போகும் அளவு. முகப்பில் 16 மெகாபிக்சல் என்று வெள்ளி எழுத்து. கொடியேறிய அன்று பின்னேரம் கோயிலால் வந்து களைத்துப்போய் விறாந்தையில் இருந்த அம்மம்மாவை அதில் ஒரு படம் எடுத்தார். என்னிடம் இருக்கும் பழைய 10 மெகாபிக்சல் கமராவால் நானும் அதே இடத்தில் நின்று ஒன்று எடுத்தேன். விறாந்தையில் எரிந்தது ஒரே ஒரு எல்இடி பல்ப்.

இரண்டு படங்களையும் மடிக்கணினியில் அருகருகே திறந்தோம். சித்தி பார்த்தவுடனேயே சொல்லிவிட்டார்: "உன்ர படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக் கிடக்குதே தம்பி. என்ரயைப் பார், எவ்வளவு துப்பரவா இருக்கு."

சுவரைப் பார்த்தால் சித்தி சொன்னது சரிதான். அவருடைய படத்தில் சுவர் சுண்ணாம்பு அடித்த அன்றைக்கு இருந்ததுபோல் இருந்தது. என் படத்தில் அதே சுவரில் யாரோ தவிட்டை அள்ளி வீசிய மாதிரி. ஆனால் அம்மம்மாவின் தலையைப் பாருங்கள் என்றேன். சித்தியின் படத்தில் நரைமுடி ஒரு வெள்ளைத் தொப்பியாக இருந்தது; ஒரு மயிரைக்கூடப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பின்னால் ஆணியில் தொங்கிய சுளகு ஒரு மண்ணிறத் தட்டாகிவிட்டது. என் படத்தில் புள்ளிகளுக்கு நடுவே சுளகின் ஓலை வரி வரியாகத் தெரிந்தது. அடுப்படியில் இருந்து வந்த அம்மா இரண்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "இதில அம்மா இருக்கிறா. அதில ஆரோ மெழுகில செய்து வைச்ச மாதிரிக் கிடக்கு" என்றார்.

கமராவின் படத்தரம் என்ற பேச்சு வந்தால் பெரும்பாலானவர்கள் புள்ளிகளைத்தான் எண்ணுகிறார்கள். புள்ளி குறைந்தால் நல்ல கமரா, கூடினால் கூடாத கமரா. நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் கேட்க வேண்டியது வேறு கேள்வி: புள்ளியைத் துடைக்கிற சாட்டில் கமரா வேறு எதையெல்லாம் துடைத்துவிட்டது?

முதலில் அந்தப் புள்ளி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அதை நொய்ஸ் என்பார்கள், தமிழில் இரைச்சல். கண்ணால் பார்க்கிற படத்துக்குக் காதால் கேட்கிற பெயர். 1990க்குப் பிறகு மின்சாரம் இல்லாமல் போன ஆண்டுகளில் இங்கே யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு இந்தப் பெயர் பொருத்தம் என்பது உடனே விளங்கும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட காலம். தூரத்து வானொலி மெல்லியதாகத்தான் வரும். சத்தத்தைக் கூட்டினால் செய்தி வாசிப்பவரின் குரலும் கூடும், பின்னால் இருக்கிற 'உஸ்ஸ்' என்ற இரைச்சலும் கூடும். வரும் அலை பலமாக இருந்தால் இரைச்சலை மறந்தே போவோம். கமராவின் ஐஎஸ்ஓ என்பதும் அந்தச் சத்தம் கூட்டும் திருகுதான்.

ஐஎஸ்ஓவைக் கூட்டினால் கமராவின் கண் கூராகிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. இல்லை. உள்ளே விழும் ஒளி அதே ஒளிதான். அதைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். தானியங்கி முறையில் இன்னொன்றும் நடக்கிறது. ஐஎஸ்ஓ கூடியதும் கமரா ஷட்டரை இன்னும் வேகமாக மூடிவிடும். ஐஎஸ்ஓ 100 இல் எடுக்கிற படத்தை அதே பிரகாசத்தில் 1600 இல் எடுத்தால், சென்சரில், அதாவது உள்ளே ஒளியை வாங்கும் சில்லில், விழுகிற ஒளி 16இல் ஒரு பங்கு. ஆக, குற்றவாளி ஐஎஸ்ஓ இல்லை, ஒளிப் பஞ்சம்.

ஒளி குறைந்தால் ஏன் புள்ளி வரவேண்டும்? படம் இருட்டாகிவிட்டுப் போகட்டுமே? இதற்கு பனங்காணிக்குள் போகவேண்டும். ஆவணி, புரட்டாதியில் இரவில் பனம்பழம் தொப்புத் தொப்பென்று விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்தவர்களுக்குத் தெரியும், அது கணக்கு வைத்து விழுவதில்லை. ஒரு மரத்தில் இரவுக்குச் சராசரி 4 பழம் விழும் என்று வையுங்கள். காலையில் போய்ப் பார்த்தால் ஒரு மரத்தின் கீழே 2 கிடக்கும், பக்கத்து மரத்தின் கீழே 6 கிடக்கும். இரண்டும் ஒரே மாதிரி மரங்கள்தான். விழுவது அதது பாட்டுக்கு விழுவதால் வருகிற ஏற்ற இறக்கம் அது. அந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ எண்ணிக்கையின் வர்க்கமூலம்: 4 பழத்துக்கு 2, 100 பழத்துக்கு 10, 10,000 பழத்துக்கு 100. முதலாவதில் பாதிக்குப் பாதி பிசகு. கடைசியில் நூற்றுக்கு ஒன்று, யாரும் கவனிக்கமாட்டார்கள்.

ஒளியும் அப்படித்தான் துகள் துகளாக, தன் பாட்டுக்கு வந்து விழுகிறது. சென்சரில் ஒளியை எண்ணும் சின்னஞ்சிறு கட்டம்தான் பிக்சல்; ஒவ்வொரு பிக்சலும் ஒரு மரத்தடி. நடுப்பகல் வெயிலில் ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் விழும். சுவர் சுவராகவே தெரியும். ஒற்றை பல்பில் ஒரே நிறச் சுவரின் அடுத்தடுத்த இரண்டு பிக்சல்களில் ஒன்று கொஞ்சம் கூடவும் மற்றது கொஞ்சம் குறையவும் வாங்கும். அந்த வித்தியாசம்தான் சித்தி கண்ட புள்ளி. எந்தக் கம்பனி எவ்வளவு செலவழித்தாலும் இதை இல்லாமல் செய்யமுடியாது. இது கமராவின் பிழை இல்லை, ஒளியின் சுபாவம். இதற்கு மேல் கமராவின் மின்சுற்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். சூடு இன்னும் கொஞ்சம். சென்சரின் வெப்பம் 6 முதல் 8 பாகை செல்சியஸ் கூடும்போதெல்லாம் அது இருட்டிலேயே தானாகச் சுரக்கும் மின்னோட்டம் இரண்டு மடங்காகும். வெயிலில் நின்ற வான் வண்டிக்குள் கிடந்த கமராவை எடுத்து இரவில் பல நொடி திறந்து வைத்துப் படம் பிடித்தால், வானத்தில் இல்லாத சிவப்பு நீல நட்சத்திரங்கள் தெரிவது அதனால்தான்.

வெளிச்சத்தின் கணக்கையும் சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கள் கண் இதில் பொய் சொல்லும். யாழ்ப்பாணத்து மத்தியான வெயிலில் தரையில் விழுவது, வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில், ஏறத்தாழ 1 லட்சம் லக்ஸ். ஒற்றை பல்ப் எரியும் விறாந்தையில் 100 லக்ஸ் கிடைத்தாலே பெரிய விஷயம். ஆயிரம் மடங்கு வித்தியாசம். கண் பழகிக்கொள்வதால் "நல்ல வெளிச்சமாத்தானே இருக்கு" என்கிறோம். அதனால் வெயிலில் எடுத்த படத்தை வைத்துக் கமராவை மதிப்பிடுவதில் அர்த்தமே இல்லை. கோட்டைக் கொத்தளத்தில் நின்று பண்ணைக் கடலைக் காலை 10 மணிக்கு எடுத்தால் எந்தக் கமராவும் நல்ல கமராதான்.

சரி, ஒளி விழுகிற முற்றம் எவ்வளவு பெரியது? சின்னக் கமராக்களில் அதிகம் இருப்பது 1/2.3 அங்குல சென்சர். பெயரில் அங்குலம் இருந்தாலும் உண்மையான அளவு ஏறத்தாழ 6.2 × 4.6 மி.மீ.; உழுத்தம் பருப்பை விடச் சற்றுப் பெரியது. அந்தப் பழைய அங்குலக் கணக்கு தொலைக்காட்சிக் கமராவில் கண்ணாடிக் குழாய் இருந்த காலத்துக் கணக்கு. குழாயின் வெளி விட்டத்தைச் சொன்னார்கள், இன்றைக்கும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். 1 அங்குல சென்சர் என்று விற்பதன் மூலைவிட்டம்கூட ஏறத்தாழ 16 மி.மீ. மட்டுமே. அது 13.2 × 8.8 மி.மீ., நல்ல ஒரு புளியங்கொட்டை அளவு. 2012இல் சோனி ஆர்எக்ஸ்100 வந்து சட்டைப் பைக் கமராவுக்குள் இந்தப் புளியங்கொட்டையை வைத்துக் காட்டிய பிறகுதான் மற்றவர்களும் அந்த வழியில் இறங்கினார்கள். பரப்பளவைப் பார்த்தால் உழுந்துக்கு 28 சதுர மி.மீ., புளியங்கொட்டைக்கு 116. நாலு மடங்கு. அதாவது, மற்றதெல்லாம் சமம் என்றால், சிறியது ஐஎஸ்ஓ 400 இல் காட்டும் இரைச்சலைப் பெரியது 1600 இல்தான் காட்டும்.

மற்றதெல்லாம் சமமாக இருப்பதில்லை என்பது லென்ஸில் வருகிறது. கடையில் 30 மடங்கு சூம், 40 மடங்கு சூம் என்று சொல்லி விற்பார்கள். அந்த லென்ஸின் வளையத்தில் எஃப் 3.3 - 6.9 என்பதுபோல இரண்டு எண் எழுதியிருக்கும். முதல் எண் சூம் இழுக்காதபோது, இரண்டாவது முழுக்க இழுத்தபோது. எண் இரண்டு மடங்கானால் உள்ளே போகும் ஒளி நாலில் ஒன்றாகும். சப்பறத்தன்று இரவு வீதியின் அங்கால் கரையில் நின்று, தலைகளுக்கு மேலால் கையை உயர்த்தி, சூமை முழுக்க இழுத்துச் சுவாமியை எடுக்கிறவர் தன் கமராவிடம் நாலு மடங்கு கூடுதலாகக் கடன் கேட்கிறார். கை நடுக்கமும் தூரத்தோடு சேர்ந்து பெருகும். அதைச் சமாளிக்க ஷட்டர் வேகமாகும். ஐஎஸ்ஓ இன்னும் ஏறும். பிறகு "கமரா சரியில்லை" என்பார். பத்தடி முன்னுக்குப் போக இடம் கிடைத்தால் அது எந்தக் கமராவையும் விட நல்ல கமரா.

இனித்தான் துடைப்பம். சென்சரில் இருந்து வருகிற கணக்கு அப்படியே படமாவதில்லை. கொடாக் கம்பனியின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற முறையில்தான் பெரும்பாலான கமராக்கள் இன்றும் வேலை செய்கின்றன. ஒவ்வொரு பிக்சலின் தலையிலும் ஒரு நிறக் கண்ணாடி இருக்கும்: பாதிக்குப் பச்சை, காலுக்குச் சிவப்பு, காலுக்கு நீலம். ஒரு பிக்சலுக்கு ஒரு நிறம்தான் தெரியும். மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்தாரிடம் கேட்டு ஊகிக்கவேண்டும். ஆக, படத்தின் நிறக் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு ஊகம். ஒரு பிக்சல் பிசகினால் அந்தப் பிசகு ஊகத்தோடு சேர்ந்து பக்கத்து வீடுகளுக்கும் பரவும். இருட்டான இடங்களில் தெரியும் சிவப்பும் பச்சையுமான திட்டுக்கள் அப்படி வந்தவை.

அடுத்துக் கமரா புள்ளியைத் துடைக்கத் தொடங்கும். இங்கேதான் சிக்கல். ஒரு மயிர் என்றால் கணக்கில் என்ன? பக்கத்தைவிடச் சற்று வெளுப்பான ஒரு சின்ன இழை. புள்ளி என்றால்? பக்கத்தைவிடச் சற்று வெளுப்பான ஒரு சின்னத் துளி. அம்மம்மாவின் தலைமுடி எது, இரைச்சல் எது என்று கமராவுக்குத் தெரியாது. "இந்த அளவுக்குக் குறைந்த வித்தியாசம் எல்லாவற்றையும் தடவிவிடு" என்று ஒரு கட்டளை, அதன்படி தடவும். பலமான கோடு தப்பிக்கும், அதனால் கண்ணும் மூக்கும் தோடும் நிற்கும். மெல்லிய கோடு போய்விடும்: புருவம், தோலின் வரி, பருத்திச் சேலையின் நெசவு, சுளகின் ஓலை. பிறகு, தடவியதால் மங்கிய படத்தைக் கூராக்க வேண்டுமே என்று மிஞ்சிய கோடுகளின் ஓரத்தில் வெள்ளைக் கரை வைக்கும். கடைசியில் ஜேபெக் என்ற சுருக்கிய படக் கோப்பு ஆக்கும்போது 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து இன்னும் கொஞ்சத்தைக் கழிக்கும். தண்ணீர் வர்ண ஓவியத்துக்குப் பேனாவால் கோடு போட்ட மாதிரி ஒரு தோற்றம் வரும். சித்தியின் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தபோது தெரிந்தது அதுதான்.

இரைச்சலிலும் இரண்டு சாதி உண்டு. வெளிச்சத்தில் ஏற்ற இறக்கமாக வருவது கறுப்பு வெள்ளைக் குறுணி. பழைய 400 ஸ்பீட் ஃபிலிமில் இருந்ததுபோல. அதைக் கண் பெரிதாகக் குறை சொல்லாது. நிறத்தில் வருவது திட்டுத் திட்டாக, தேமல் விழுந்ததுபோல. இரண்டாவதைத் துடைப்பது நல்லது. நிறத்தின் நுணுக்கத்தை எங்கள் கண் அவ்வளவு கூர்ந்து பார்ப்பதில்லை, ஆகவே இழப்புத் தெரியாது. ஆனால் அளவு மீறினால் அதுவும் தெரியும். கலியாண வீட்டில் கூறைச்சேலையைப் பாருங்கள். அரக்குச் சிவப்புக்கும் சரிகைப் பொன்னுக்கும் நடுவே ஒரு கறாரான எல்லை இருக்கும். நிறத்தை அளவுக்கு மிஞ்சித் தடவும் கமராவில் அந்தப் பொன் சிவப்புக்குள் கசிந்து, கரை துவைத்து வெளுத்த கரைபோல் ஆகிவிடும். நல்ல கமரா நிறத் திட்டை எடுத்துவிட்டுக் குறுணியைக் கொஞ்சம் விட்டுவைக்கும். என் கண்ணுக்கு அந்தக் குறுணி அழகாகவே தெரிகிறது. இதில் ஆளுக்கு ஆள் கருத்து மாறலாம்.

கம்பனிகள் ஏன் இப்படித் தடவுகின்றன என்றால், வாங்குகிறவர் கேட்பது அதைத்தான். எங்கள் ஊர்ப் பழைய ஸ்ரூடியோக்களிலும் நெகற்றிவில் பென்சில் பிடித்து முகத்தைத் துப்பரவாக்கித்தான் பிரிண்ட் போடுவார்கள். முகம் பளிச்சென்று இருக்கவேண்டும் என்பது எங்கள் சனத்தின் நெடுநாள் ஆசை. ஆனால் பென்சில் பிடித்த மனிதருக்கு எது பரு, எது மச்சம் என்று தெரியும். மச்சத்தை எடுத்துவிட்டுப் பெண்ணின் தாயிடம் பேச்சு வாங்க அவர் தயாரில்லை.

குத்துவிளக்கு வெளிச்சத்தில் எல்லாம் இன்னும் மோசமாகும். காரணம் சுவாரசியமானது. பகல் வெளிச்சத்தில் நீலம் தாராளம். தீபச் சுடர், ஒளியின் நிறத்தை அளக்கும் கணக்கில், ஏறத்தாழ 1,900 கெல்வின். அதில் சிவப்பும் மஞ்சளும்தான் இருக்கிறது, நீலம் பெயருக்குத்தான். ஏற்கெனவே நீலக் கண்ணாடி போட்ட பிக்சல் காலே கால் பங்கு. அதிலும் ஒளி வந்து விழவில்லை. கமராவோ வெள்ளை வேட்டி வெள்ளையாகத் தெரியவேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, நீலத்தை மட்டும் பல மடங்கு பெருக்கும். இரைச்சலும் கூடவே பெருகும். விளக்கடியில் எடுத்த படத்தில் கறுத்த முடிக்குள் ஊதாத் திட்டு மிதப்பது இதனால். இதற்குச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பான வெண்சமநிலையைத் தானியங்கியில் விடாமல் பகல் வெயில் அடையாளத்துக்கு மாற்றுங்கள். படம் மஞ்சளாக வரும். விளக்கு மஞ்சள்தானே, வரட்டும். நீலத்தைப் பெருக்கும் வேலை குறைவதால் திட்டும் குறையும். அன்றைக்கு அந்த அறை எப்படி இருந்ததோ அப்படியே முகமும் இருக்கும்.

மெகாபிக்சல் பற்றியும் ஒரு வார்த்தை. 2008இல் கெனன் தன் பவர்ஷொட் ஜி10இல் 14.7 மெகாபிக்சல் வைத்தது. அடுத்த வருடம் வந்த ஜி11இல் அதை 10 ஆகக் குறைத்தது. எண்ணைக் கூட்டிக் கூட்டியே விற்றுவந்த ஒரு கம்பனி தானாகவே இறங்கி வந்த அபூர்வமான சம்பவம் அது. ஆனால் இதை வைத்துக்கொண்டு "மெகாபிக்சல் கூடினால் இரைச்சல் கூடும்" என்று அடித்துச் சொல்வதும் முழு உண்மை இல்லை. ஒரே முற்றத்தில் 10 சட்டி வைத்தாலும் 20 சட்டி வைத்தாலும் விழுகிற மழை ஒன்றுதான். ஒவ்வொரு சட்டியிலும் குறையும், மொத்தத்தில் குறையாது. ஒரே அளவில் பிரிண்ட் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் பேசப்படுகிற அளவுக்கு இருக்காது. முற்றத்தின் பரப்பும் லென்ஸின் வாயும்தான் முக்கியம்.

எந்த அளவில் பார்க்கிறோம் என்பதில்தான் பாதிச் சண்டை. சித்தியின் 16 மெகாபிக்சல் படம் 4,608 பிக்சல் அகலம். சாதாரணக் கணினித் திரையில் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்றால், அதை நூற்றுக்கு நூறு அளவில் திறப்பது 4 அடி அகலச் சுவரொட்டியை முகத்தோடு ஒட்டவைத்துப் பார்ப்பதற்குச் சமம். அப்படிப் பார்த்தால் எந்தப் படத்திலும் புள்ளி தெரியும். ஆறுக்கு நாலு பிரிண்ட்டுக்குத் தேவை 1,800 × 1,200 பிக்சல், சுமார் 22 லட்சம். 16 மெகாபிக்சலில் இருந்து அதற்கு வரும்போது ஆறேழு பிக்சல் சேர்ந்து ஒன்றாகும். ஒன்றின் கூடுதல் மற்றதன் குறைவை ஈடுசெய்து இரைச்சல் பாதிக்கும் கீழே இறங்கும். நான் எடுத்த படத்தை ஆறுக்கு நாலில் பிரிண்ட் போட்டேன். சித்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடியும் ஒரு புள்ளியும் கிடைக்கவில்லை. நேர்மையாகச் சொன்னால், அவருடைய படமும் அந்த அளவில் அவ்வளவு மோசமாக இல்லை. மெழுகும் ஓரளவு மறைந்துவிட்டது.

வித்தியாசம் வருவது படத்தைப் பெருப்பிக்கும்போது, அல்லது அதில் இருந்து ஒரு முகத்தை மட்டும் வெட்டி எடுக்கும்போது. இதை எங்கள் வீடுகளில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்: வயதானவர்களின் படம் ஒருநாள் பெருப்பித்துச் சுவரில் மாட்டப்படும், அந்தியேட்டிக் கல்வெட்டு என்ற நினைவு மலரின் முன்பக்கத்தில் வரும். அதற்கென்று யாரும் படம் எடுத்து வைப்பதில்லை. ஏதோ ஒரு கலியாணத்தில், ஏதோ ஒரு பூங்காவனத்தன்று எடுத்த கூட்டுப் படத்தில் இருந்துதான் முகத்தை வெட்டுவார்கள். குறுணி நிறைந்த முகத்தைப் பெருப்பித்தால் குறுணியோடு அந்த முகம் வரும். கமரா தடவிய முகத்தைப் பெருப்பித்தால் வருவது கமராவின் ஊகம். இப்போதைய செயற்கை நுண்ணறிவு மென்பொருட்கள் தடவிய இடத்தில் தோலும் மயிரும் வரைந்து தரும். அது யாருடைய தோல் என்று கேட்கக்கூடாது.

வட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்துக் கமராவைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது படத்தைச் சுருக்கி, இன்னொரு முறை ஜேபெக் ஆக்கித்தான் அனுப்புகிறது. கமராவின் பின்பக்கத் திரையும் அப்படித்தான். 9.2 லட்சம் புள்ளி என்று போட்டிருப்பார்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாக எண்ணுவதால் உண்மையில் 640 × 480 பிக்சல். அதில் எல்லாப் படமும் அழகு.

கைபேசி இரவில் துப்பரவாக எடுக்கிறதே, அதன் சென்சரும் சின்னதுதானே என்று கேட்பீர்கள். அது ஏமாற்று இல்லை, கெட்டித்தனம். ஒரு படத்துக்குப் பதிலாகப் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி பார்க்கிறது. 9 படம் சேர்த்தால் இரைச்சல் மூன்றில் ஒன்று. பனங்காணிக்கு ஒரு காலைக்குப் பதிலாக ஒன்பது காலை போய் எண்ணுகிற மாதிரி. 2018இல் கூகிள் தன் பிக்சல் கைபேசிகளில் இரவுக் காட்சி முறையைக் கொண்டுவந்த பிறகு இது எல்லாக் கைபேசிக்கும் பரவிவிட்டது. ஆனால் ஒன்பது தடவையும் காட்சி அசையாமல் இருக்கவேண்டும். விறாந்தையில் இருந்த அம்மம்மா இருப்பார். சூரன்போரில் சூரன் இருக்கமாட்டான்.

பழைய சின்னக் கமராவைத் தேடி வாங்கும் மோகம் இப்போது இளம் பிள்ளைகளிடம் வந்திருக்கிறது. அவற்றில் இருக்கும் சிசிடி என்ற பழைய வகைச் சென்சருக்கு ஒரு மாய நிறம் உண்டு என்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்தத் தோற்றத்தில் பெரும்பங்கு முகத்துக்கு நேரே அடிக்கும் ஃபிளாஷும் அந்தக் காலத்து நிறக் கலவையும். 2009இல் ஒளி விழும் பக்கத்தில் கம்பிகள் இல்லாத, சிமோஸ் என்ற இன்னொரு வகைச் சென்சர்கள் சின்னக் கமராக்களுக்கு வந்த பிறகு இருட்டில் சிசிடியால் போட்டி போட முடியவில்லை என்பதுதான் கதை. ஆனால் அந்த மோகத்தால் ஒரு நன்மை: எங்கோ அலுமாரிக்குள் கிடந்த கமராக்கள் வெளியே வருகின்றன. 2010இல் உலகம் முழுக்க 10 கோடிக்கு மேல் சின்னக் கமராக்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. 2023இல் அது 20 லட்சத்துக்கும் கீழே. புதிதாக வாங்குவதைவிட மாமாவோ மச்சாளோ வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனதைச் சோதித்துப் பார்ப்பதுதான் இப்போது நடைமுறை.

சோதிக்க நான் வைத்திருக்கும் முறை அன்றைக்கு விறாந்தையில் பிறந்ததுதான். இருட்டிய பிறகு ஒரு பல்ப் மட்டும் போடுங்கள். சுவரில் ஒரு பனையோலைச் சுளகு. புதியதைவிடப் பழகியது நல்லது, ஓலைக்கு ஓலை நிறம் மாறியிருக்கும். பக்கத்தில் கடும் நீலத் துணி ஒன்று, அதற்குப் பக்கத்தில் பழைய பேப்பரில் ஒரு பக்கம். கமராவைக் கையில் பிடிக்காமல் ஒரு கதிரையில் இரண்டு புத்தகத்துக்கு மேல் வையுங்கள். ஃபிளாஷை நிறுத்தி, சூமை இழுக்காமல், 2 நொடி ரைமரில் ஐஎஸ்ஓ 100 இல் ஒன்று, 200 இல் ஒன்று என்று 3200 வரை ஆறு படம். கணினியில் போட்டு முதலில் சுளகைப் பாருங்கள், சுவரைப் பார்க்கவேண்டாம். எந்தப் படத்தில் ஓலைக்கும் ஓலைக்கும் நடுவே இருக்கிற கோடு முதன்முதலாகக் காணாமல் போகிறதோ, அதற்கு முந்திய எண்தான் அந்தக் கமராவின் உண்மையான எல்லை. பெட்டியில் போட்டிருக்கும் 6400 இல்லை. பிறகு நீலத் துணியில் திட்டு இருக்கிறதா என்று. பிறகு பேப்பர் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கரை இருக்கிறதா என்று. சுவர் கடைசி.

இரண்டு கமராவை ஒப்பிட்டால் படங்களை ஒரே அளவுக்குச் சுருக்கி ஒப்பிடவேண்டும். படத்தோடு பதிவாகியிருக்கும் ஷட்டர் வேகத்தையும் பாருங்கள். ஒரே ஐஎஸ்ஓ, ஒரே எஃப் எண், ஒரே பிரகாசம் என்று இருக்க, ஒன்று 1/30 நொடியும் மற்றது 1/15 நொடியும் எடுத்திருந்தால், இரண்டாவது இரண்டு மடங்கு ஒளி வாங்கியிருக்கிறது. ஐஎஸ்ஓ எண்ணைக் கம்பனிகள் கொஞ்சம் தாராளமாகவே ஒட்டுகின்றன.

சித்தியின் கமராவில் சுளகு 400 இல் போய்விட்டது. என்னுடையது 800 வரை தாக்குப்பிடித்தது. அவருடையதில் தடவலைக் குறைக்க மெனுவில் இடமே இல்லை. என்னுடையதில் இருக்கிறது, நான் ஆகக் குறைவில் வைத்திருக்கிறேன். ஆகவே தானியங்கி ஐஎஸ்ஓவுக்கு உச்ச வரம்பை 200 என்று வைத்துக் கொடுத்தேன். இருட்டில் எடுக்கும்போது தூணிலோ கதவு நிலையிலோ கமராவைச் சாய்த்துப் பிடிக்கவேண்டும் என்றும் சொன்னேன். "அப்ப ஆடினா?" என்றார். ஆடினால் இன்னொன்று எடுக்கலாம் சித்தி, காசா பணமா.

பழையதை வாங்கப் போகிறவர்கள் இன்னும் இரண்டு விஷயம் பார்க்கவேண்டும். எங்கள் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம்; அலுமாரிக்குள் வருடக்கணக்கில் கிடந்த லென்ஸில் பூஞ்சணம் பிடித்திருக்கும். ரோச் லைற்றைச் சரிவாக அடித்தால் சிலந்தி வலைபோல் தெரியும். அது படத்தை வெளிறச் செய்யும். வெளிறியதைச் சரிசெய்யப் போனால் ஒளிந்திருந்த இரைச்சல் எல்லாம் மேலே வரும். சூம் வெளியே வரும்போது கறகறவென்றால் கசூரினாக் கடற்கரை மணலைத் தின்றிருக்கிறது, விட்டுவிடுங்கள். அப்புறம், கடைக்கு உங்கள் மெமறி காட்டைக் கொண்டு போங்கள். கடைக்காரர் வாசலடிக்கு வந்து, வெயில் படுகிற தெருவை எடுத்து, பின்பக்கத் திரையில் காட்டுவார். அவர் காட்டி முடிந்ததும் நீங்கள் உள்ளே போய் அவருடைய மேசைக்குக் கீழே ஒரு படம் எடுங்கள்.